ரொட்டியைக் காக்கும் புளிப்பு

கோதுமை மாவு சுத்தமான பொருள் இல்லை. வயல், களம், மூட்டை, அரவை ஆலை என்று வழிநெடுக ஒட்டிக்கொண்ட பாக்டீரியாக்களும் பூஞ்சை வித்துகளும் அதன் ஒவ்வொரு கிராமிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, வெதுவெதுப்பான இடத்தில் மூடிவைத்தால் நியாயப்படி அது அழுகிப்போக வேண்டும். ஆனால் புளிக்கிறது. புளித்ததில் ஒரு கைப்பிடி எடுத்துவைத்து, மறுநாள் புது மாவும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, அதிலிருந்து மீண்டும் ஒரு கைப்பிடி எடுத்துவைத்து, இப்படியே வருடக்கணக்கில் ஓட்டலாம். ஐரோப்பாவின் அடுமனைகள் ‘சவர்டோ’ எனப்படும் புளிமாவு ரொட்டியை இப்படித்தான் சுட்டுவந்தன. முதல் நாள் மாவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து மறுநாள் மாவைப் புளிக்கவைக்கும் வழக்கத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவுசெய்திருக்கிறார்.

ஒவ்வொரு முறை புது மாவு சேரும்போதும் புதிய நுண்ணுயிர்கள் கூட்டமாக உள்ளே வருகின்றன. இருந்தும் பல தாய்மாவுகளில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை. வருகிறவற்றை அவை எதைக் கொண்டு விரட்டுகின்றன?

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடைகளில் ஒன்று ஜெர்மனியில் கிடைத்தது. அங்கே தொழிற்சாலை அளவில் தயாரான ஒரு புளிமாவிலிருந்து பத்து ஆண்டு கால இடைவெளியில் மாதிரிகள் எடுத்துப் பார்த்தார்கள். ‘லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி’ என்ற பாக்டீரியா அதில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஸ்டுட்கார்ட் நகரத்து ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் ஹம்மெஸ், மிகாயெல் கென்ஸ்லே ஆகியோரும், ட்யூபிங்கன் பல்கலைக்கழக வேதியியலாளர்களும் அந்தப் பாக்டீரியா வெளியே விடும் பொருளைப் பிரித்தெடுத்து, 2000-ம் ஆண்டில் அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். ரியூட்டரிசைக்ளின் என்று பெயர் வைத்தார்கள். லாக்டிக் அமில பாக்டீரியாக்களிலிருந்து கண்டறியப்பட்ட, சிறு மூலக்கூறு வகையைச் சேர்ந்த முதல் ஆன்டிபயாடிக் அதுதான்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது, கொடூரமானது. பாக்டீரியாவின் உயிர் அதன் மெல்லிய சவ்வை நம்பி இருக்கிறது. சவ்வுக்கு வெளியே ஹைட்ரஜன் அயனிகள் அதிகம், உள்ளே குறைவு. அந்த ஏற்றத்தாழ்வில் இருந்துதான் அது சக்தி எடுக்கிறது. ரியூட்டரிசைக்ளின் கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறு. சவ்வுக்குள் நுழைந்து, வெளியே இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளைச் சுமந்துபோய் உள்ளே இறக்கிவிடுகிறது. ஏற்றத்தாழ்வு சரிந்ததும் அந்தச் செல் செயலற்றுப்போகிறது. பேசில்லஸ் சப்டிலிஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், லிஸ்டீரியா இனத்தைச் சேர்ந்த ஒன்று, கூடவே பங்காளி முறையில் வரும் மற்ற லாக்டோபேசில்லஸ்கள் என்று பலவற்றை அது தடுத்தது. ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவற்றுக்கு வெளியே இன்னொரு உறை இருக்கிறது. அந்த உறை குறைபட்ட ஈ.கோலை வகைகளைக் கொண்டுவந்து சோதித்தபோது அவையும் தடைபட்டன.

பிற்பாடு, புளிமாவில் கிடைத்த இந்த ரியூட்டரி எங்கிருந்து வந்தது என்று மரபணுவை வைத்துத் தேடிய கென்ஸ்லேவின் குழு 2012-ல் சொன்ன பதில் ஆச்சரியமானது. அவை குடலில் இருந்து வந்தவை. சில மனிதக் குடலின் வம்சம், சில எலி வகையறாக்களின் குடல் வம்சம். ரியூட்டரிசைக்ளினைத் தயாரிக்கும் அந்தப் புகழ்பெற்ற வகை எலிப் பக்கத்தைச் சேர்ந்தது. தானியக் கிடங்கில் எலி புகாத ஊர் எது?

அமிலம் செய்யும் பாதி வேலை

ஆன்டிபயாடிக் கதை கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் புளிமாவைக் காப்பதில் பெரும் பங்கு சாதாரண அமிலங்களுக்குத்தான். மாவில் இருக்கும் மாவுச்சத்தை நொதிகள் உடைத்து மால்ட்டோஸ் சர்க்கரையாக்குகின்றன. பாக்டீரியாக்கள் அதைத் தின்று லாக்டிக் அமிலத்தையும், அவற்றில் ஒரு பிரிவு கூடவே அசிட்டிக் அமிலத்தையும் வெளியே விடுகின்றன. முதலாவது தயிரின் புளிப்பு. இரண்டாவது வினிகரின் புளிப்பு. நன்றாகப் புளித்த மாவின் பி.எச். அளவு பொதுவாக 3.5-க்கும் 4.3-க்கும் இடையில் நிற்கும்.

இரண்டும் அமிலம்தான் என்றாலும் கிருமியைத் தடுப்பதில் இரண்டும் ஒன்றல்ல. அமில மூலக்கூறு உடையாமல் முழுதாக இருந்தால்தான் கிருமியின் சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியும். உடைந்து மின்னூட்டம் பெற்றுவிட்டால் வாசலிலேயே நின்றுவிடும். பி.எச். 4 என்ற நிலையில் அசிட்டிக் அமிலத்தில் சுமார் 85 சதவீதம் உடையாமல் இருக்கிறது. லாக்டிக் அமிலத்தில் சுமார் 42 சதவீதம்தான். உள்ளே போன அமிலம், செல்லுக்குள் இருக்கும் நடுநிலையான சூழலில் உடைந்து, அங்கே ஹைட்ரஜன் அயனிகளைக் கொட்டுகிறது. அவற்றை வெளியே தள்ளித் தள்ளியே கிருமியின் சக்தி தீர்ந்துபோகிறது. ஆகவே லாக்டிக் அமிலம் மாவின் பி.எச்.-ஐ இறக்கிவைக்கிறது, அந்தத் தாழ்ந்த பி.எச்.-ல் அசிட்டிக் அமிலம் ஆயுதமாகிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்றின் வலிமை குறைந்துவிடும்.

வீட்டில் தாய்மாவு, அதாவது ஸ்டார்ட்டர், தயாரித்தவர்களுக்கு இந்தப் போரின் கட்டங்கள் மூக்கு வழியாகவே தெரிந்திருக்கும். கண்ணாடி ஜாடியில் முழு கோதுமை மாவையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து வைக்கிறோம். இரண்டாம் நாளே குமிழிகள் பொங்கி, மாவு ஜாடியின் விளிம்பு வரை ஏறிவிடும். பலர் இதைப் பார்த்து ஈஸ்ட் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். முகர்ந்து பார்த்தால் ஊறல் நாற்றம் அடிக்கும். பெரும்பாலும் அது ஈஸ்ட்டின் வேலை அல்ல. மாவோடு வந்த, நமக்கு வேண்டாத பாக்டீரியாக்கள் விடும் வாயு. மூன்றாம், நான்காம் நாளில் பொங்கல் திடீரென்று நின்றுவிடும். ஜாடி செத்துவிட்டது என்று கொட்டிவிடுபவர்கள் கொட்டுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் லியூகோனாஸ்டாக், வெய்செல்லா, பீடியோகாக்கஸ் போன்றவை அமிலத்தை ஏற்றி, முதலில் வந்த கூட்டத்தை அடக்கிய அமைதி அது. அமிலம் மேலும் ஏற ஏற, அதைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் தலையெடுக்கின்றன. காட்டு ஈஸ்ட்டும் வளர்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் நாற்றம் போய், தயிரும் பழமும் கலந்த வாசனை வரும். அப்போதுதான் அந்த ஜாடி ரொட்டிக்குத் தயார். அதுவரை அதை வாயில் வைக்க வேண்டாம்.

இந்த வரிசை நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமானதல்ல. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1965-ல் இட்லி மாவை ஆராய்ந்து, அதைப் புளிக்கவைத்துப் பொங்கவைப்பதில் முக்கியப் பங்கு லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் பாக்டீரியாவுக்குத்தான் என்று கண்டார்கள். அரிசியும் உளுந்தும் சேர்ந்த ஈர மாவு, ஈஸ்ட் எதுவும் போடாமல், ஒரே இரவில் பாதுகாப்பான உணவாவதும் இதே அமில வழியில்தான். நம் மாவு மறுநாள் ஆவியில் வெந்து உடனே இலைக்கு வந்துவிடுவதால், வெந்த பிறகு அது எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி இட்லிக்கு எழவில்லை. ரொட்டிக்கு அந்தக் கேள்விதான் உயிர்.

சான்பிரான்சிஸ்கோவின் ஜோடி

புளிமாவில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று ஏன் கொன்றுவிடவில்லை? இதற்குப் பதில் அமெரிக்காவில் கிடைத்தது. சான்பிரான்சிஸ்கோ ரொட்டியின் தனிப் புளிப்புக்குக் காரணம் தேடிய லியோ க்லைனும் ஃப்ராங்க் சுகிஹாராவும், அமெரிக்க வேளாண் துறையின் ஆல்பனி ஆய்வகத்தில் அந்நகரத்து அடுமனைகளின் தாய்மாவுகளைப் பிரித்துப் பார்த்து 1971-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதுவரை யாரும் விவரிக்காத ஒரு பாக்டீரியா கிடைத்தது. வழக்கமான ஆய்வக ஊட்டத்தில் அது வளர மறுத்தது. மால்ட்டோஸும் புதிதாக எடுத்த ஈஸ்ட் சாறும் கொடுத்த பிறகே வளர்ந்தது. கூட இருந்த ஈஸ்ட்டோ மால்ட்டோஸைத் தொடுவதே இல்லை. மாவில் ஏராளமாகக் கிடைக்கும் அந்தச் சர்க்கரையைப் பாக்டீரியாவுக்கு விட்டுவிட்டு மற்ற சர்க்கரைகளில் பிழைத்தது. பாக்டீரியா மால்ட்டோஸை உடைக்கும்போது சிந்தும் குளுக்கோஸ் ஈஸ்ட்டுக்கு உணவு. பாக்டீரியா விடும் அசிட்டிக் அமிலத்தை அந்த ஈஸ்ட் தாங்கும். சாதாரண பேக்கரி ஈஸ்ட் அந்த அளவுக்குத் தாங்காது. உணவைப் பங்கு பிரித்துக்கொண்டு, வெளியாட்களுக்கு மட்டும் கதவடைக்கும் ஏற்பாடு இது.

அந்தப் பாக்டீரியாவுக்கு ஊர்ப் பெயரையே சூட்டினார்கள். ஆனால் அது சான்பிரான்சிஸ்கோவின் சொத்து அல்ல. ஐரோப்பாவின் தாய்மாவுகளிலும் அது நிறைய இருக்கிறது. 2021-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் நான்கு கண்டங்களிலிருந்து 500 தாய்மாவுகளைச் சேகரித்துச் சோதித்தார்கள். எந்த ஊரில் வளர்கிறது என்பதை வைத்து ஒரு தாய்மாவில் என்ன குடியிருக்கும் என்று பெரிதாகக் கணிக்க முடியவில்லை. ‘எங்கள் ஊர்க் காற்றில்தான் இந்தப் புளிப்பு வரும்’ என்று பெருமை பேசும் விளம்பரங்களை இனி நம்ப வேண்டியதில்லை.

ஊரின் வெப்பநிலை வேறு விஷயம். அது உண்மையிலேயே ஆட்டத்தை மாற்றும். சான்பிரான்சிஸ்கோ பாக்டீரியாவுக்குப் பிடித்தது 32 டிகிரி செல்சியஸ் அளவு. கூட வாழும் ஈஸ்ட்டுக்கு 27, 28 டிகிரி போதும். 36 டிகிரியைத் தாண்டினால் அந்த ஈஸ்ட் வளர்வதை நிறுத்திவிடும். மதுரை, வேலூர்க் கோடையில் சமையலறை மேடையில் ஜாடியை வைத்தவர்களின் மாவு கன்னாபின்னாவென்று புளித்து, ரொட்டி மட்டும் உப்பாமல் கல் மாதிரி வருவதற்கு இதுதான் காரணம். பாக்டீரியா ஓடுகிறது, ஈஸ்ட் உட்கார்ந்துவிடுகிறது. இங்கே ஜாடியைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுவதும், தாய்மாவைக் குறைவாகச் சேர்ப்பதும்தான் வழி.

பூசணம் என்னும் பெரிய எதிரி

ரொட்டியைக் கெடுப்பதில் முதலிடம் பூசணத்துக்கு. அடுப்பில் அதன் வித்துகள் இறந்துவிடும். சுட்ட ரொட்டி வெளியே வரும்போது பூசணமில்லாமல் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆறும்போது காற்றிலிருந்தும், வெட்டும் கத்தியிலிருந்தும், பொட்டலம் கட்டும் இடத்திலிருந்தும் வித்துகள் மீண்டும் உட்காருகின்றன. ஆக, பூசணத்தைத் தடுக்கும் பொருள் அடுப்பின் சூட்டைத் தாங்கி, ரொட்டிக்குள்ளேயே மிஞ்சியிருக்க வேண்டும். பாக்டீரியாவே சூட்டில் செத்துவிடும். அது விட்டுப்போனது மட்டும்தான் காவல்.

இதில் இத்தாலியர்களின் உழைப்பைச் சொல்லியாக வேண்டும். பெருஜியா பல்கலைக்கழகத்தில் ஆல்டோ கோர்செட்டியும் மார்க்கோ கொபெட்டியும் உள்ளிட்ட குழு 1998-ல் சான்பிரான்சிஸ்கோ பாக்டீரியாவின் ஒரு வகையை எடுத்து, அது பூஞ்சைகளைத் தடுப்பதற்கு எந்தப் பொருள் காரணம் என்று தேடியது. அசிட்டிக், ஃபார்மிக், புரோப்பியானிக், பியூட்டிரிக், வலேரிக், கப்ரோயிக் என்று அமிலங்களின் ஒரு கலவை கிடைத்தது. அதில் கப்ரோயிக் அமிலத்தின் பங்கு முக்கியமானது என்று கண்டார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, தெற்கே பாரியில் இருந்து இன்னொரு முடிவு வந்தது. பாரி வட்டாரம் ரொட்டிக்குப் பேர்போனது. பக்கத்து அல்தமுரா ஊரின் புளிமாவு ரொட்டிக்கு 2003-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பே கிடைத்தது. பாவோலா லவெர்மிகோக்காவும் சக ஆய்வாளர்களும் ஒரு புளிமாவிலிருந்து பிரித்த லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் 21பி என்ற வகையைச் சோதித்தார்கள். அது வெளியிட்டவற்றில் வலிமையானது ஃபீனைல்லாக்டிக் அமிலம். கோதுமைப் புரதம் உடையும்போது கிடைக்கும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியா இரண்டே படிகளில் இந்த அமிலமாக மாற்றிவிடுகிறது.

அவர்கள் ஆய்வகத் தட்டோடு நிற்கவில்லை. ரொட்டி சுட்டுப் பார்த்தார்கள். ஈஸ்ட் மட்டும் சேர்த்த ரொட்டியில் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சை இரண்டாம் நாளே முளைத்தது. புளிப்பை ஏற்றும், ஆனால் தேர்ந்தெடுக்கப்படாத வேறொரு லாக்டிக் பாக்டீரியாவைச் சேர்த்த ரொட்டியிலும் அதே இரண்டு நாள்தான். 21பி சேர்த்த ரொட்டியில் பூஞ்சை தலைகாட்ட ஏழு நாள் தள்ளிப்போனது. இந்த நடுச் சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெறுமனே புளித்தால் போதாது. எந்தப் பாக்டீரியா புளிக்கவைத்தது என்பதில் இருக்கிறது விஷயம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. ரொட்டிக்குள் நிஜமாகவே உண்டாகும் ஃபீனைல்லாக்டிக் அமிலத்தை அளந்து பார்த்தால், அது தனியாக நின்று ஒரு பூஞ்சையைத் தடுக்கத் தேவையான அளவைவிட மிகக் குறைவு. அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் எல்கே ஆரென்ட்டின் குழு கண்ட வளைய டைபெப்டைடுகளின் கதையும் இதேதான். இரண்டு அமினோ அமிலங்கள் கைகோத்து வளையமாக நிற்கும் அந்தச் சிறு மூலக்கூறுகளும் தனித்தனியே பலவீனமானவை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்ட கென்ஸ்லேயும் அவர் மாணவர்களும் 2013-ல் வேறொரு வழியைக் காட்டினார்கள். லாக்டோபேசில்லஸ் ஹம்மெசி என்ற பாக்டீரியா மாவின் கொழுப்பில் இருக்கும் லினோலியிக் அமிலத்தை ஹைட்ராக்சி கொழுப்பு அமிலமாக மாற்றுகிறது. அது பூஞ்சையைத் தடுக்கிறது. அந்தப் பாக்டீரியாவின் பெயரில் இருப்பவர் ஹோஹன்ஹைமின் அதே ஹம்மெஸ்தான்.

ஆக, புளிமாவுக்குள் ஒரு தனி வீரன் இல்லை. அசிட்டிக் அமிலம் கொஞ்சம், கப்ரோயிக் கொஞ்சம், ஃபீனைல்லாக்டிக் துளி, பெப்டைடுகள் துளி, கொழுப்பு அமிலம் துளி. ஒவ்வொன்றும் பூஞ்சையை ஒவ்வொரு இடத்தில் தாக்குகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஈடுகொடுப்பது பூஞ்சைக்குக் கஷ்டம். பல ஆண்டு ஆராய்ச்சி எனக்குச் சொல்வது இதைத்தான்: இந்தப் பாதுகாப்பைத் தனியே பிரித்து ஒரு பொடியாக்கி டப்பாவில் விற்க முடியாது. இவை எல்லாம் ஒன்றாக உண்டாக ஒரே வழிதான் உண்டு. மாவுக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

எல்லாப் பூஞ்சையும் அடங்கிவிடும் என்றும் இல்லை. பெனிசில்லியம் ரோக்ஃபோர்ட்டி, அதாவது நீலக்கோடு ஓடும் ரோக்ஃபோர்ட் பாலாடைக்கட்டியைப் பழுக்கவைக்கும் அதே பூஞ்சை, அமிலத்துக்கு அஞ்சாதது. புளித்த ரை ரொட்டியிலும் அது பச்சையாகப் படரும். பாரி ஆய்விலும் அதன் ஒரு வகை கடைசிவரை முரண்டு பிடித்தது.

நூல் விடும் ரொட்டி

ரொட்டிக்கு வரும் இன்னொரு நோய் நம் போன்ற வெப்ப நாடுகளில் அதிகம் தொந்தரவு தருவது. சுட்ட ரொட்டி பார்க்க நன்றாகவே இருக்கும். ஒன்றிரண்டு நாளில் அழுகிய முலாம்பழ வாசனை வரும். பிய்த்தால் உள்பகுதி பிசுபிசுத்து, விரலுக்கும் ரொட்டிக்கும் இடையில் மெல்லிய நூல் இழுக்கும். பேசில்லஸ் சப்டிலிஸும் அதன் உறவுகளும் செய்யும் வேலை இது. இவற்றின் வித்துகள் மண்ணிலிருந்து தானியத்தின் மேல்தோல் வழியாக மாவுக்கு வருகின்றன. ரொட்டியின் நடுப்பகுதி அடுப்பில் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்தச் சூட்டில் இந்த வித்துகள் பிழைத்துவிடும். பிறகு புழுக்கமான நாளில், சூடு ஆறாமல் பொட்டலம் கட்டிய ரொட்டிக்குள் முளைத்து, மாவுச்சத்தையும் புரதத்தையும் கரைக்கின்றன.

இந்த எதிரிக்கு அமிலம் ஆகாது. ஆகவே புளிமாவு சேர்ந்த ரொட்டியில் இந்த நோய் அரிது. பேசில்லஸைத் தடுக்கும் பொருள்களின் பட்டியலில் ரியூட்டரிசைக்ளினும் இருப்பதை மேலே பார்த்தோம்.

பாக்டீரியாக்கள் பாக்டீரியாக்களைக் கொல்லச் செய்யும் சிறு புரதங்கள் இன்னொரு வகை. பாக்டீரியோசின் என்று பெயர். இவற்றில் பேர்பெற்றது பால் உலகத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ரோஜர்ஸும் விட்டியரும் 1928-ல் பால் பாக்டீரியா ஒன்று மற்றவற்றை அடக்குவதைக் கவனித்தார்கள். இங்கிலாந்தில் மாட்டிக்கும் ஹிர்ஷும் 1947-ல் அந்தப் பொருளுக்கு நைசின் என்று பெயரிட்டார்கள். 1969-ல் சர்வதேச உணவு, சுகாதார அமைப்புகளின் நிபுணர் குழு அதை உணவுக்கு ஏற்றது என்றது. 1988-ல் அமெரிக்கா அனுமதித்தது. பதப்படுத்திய சீஸ் பாக்கெட்டுகள் சிலவற்றின் பின்பக்கம் 234 என்ற எண் இருந்தால் அது இதுதான். புளிமாவிலும் இப்படிப்பட்டவை உண்டு. டென்மார்க் ஆய்வாளர்கள் 1993-ல் புளிமாவிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவில் பவாரிசின் ஏ என்ற புரதத்தைக் கண்டார்கள். லிஸ்டீரியாவைத் தடுக்கக்கூடியது. ஆனால் பாக்டீரியோசின்கள் பூசணத்தைத் தொடுவதில்லை. ரொட்டிக்கு இவற்றால் கிடைக்கும் பலன் குறைவு. தாய்மாவுக்குள் இடம் பிடிக்கும் சண்டையில் உதவலாம்.

மூன்றரை மணி நேர ரொட்டி

இவ்வளவு காவல் இருந்த ரொட்டி எங்கே போயிற்று? 1961-ல் இங்கிலாந்தின் சார்லிவுட் ஊரில் இருந்த ரொட்டித் தொழில் ஆராய்ச்சி நிலையம் ஒரு முறையைக் கண்டுபிடித்தது. மாவை அதிவேக இயந்திரத்தில் சில நிமிடங்கள் அடித்து, ஈஸ்ட்டைக் கூட்டி, கொழுப்பும் வேதிப்பொருளும் சேர்த்தால் நீண்ட நேரம் புளிக்கவைக்கத் தேவையில்லை. மாவு உள்ளே போய், வெட்டிப் பொட்டலம் கட்டிய ரொட்டி வெளியே வர ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். இந்த முறையும் இதன் சாயல்களும் உலகமெங்கும் பரவின. விலை குறைந்தது, மென்மை கூடியது. ஏழைக்கும் ரொட்டி எட்டியது என்பதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் மூன்றரை மணி நேரத்தில் லாக்டிக் பாக்டீரியாவுக்கு வேலை செய்ய அவகாசம் ஏது? அமிலம் இல்லை. அமிலம் இல்லாத மென்மையான ஈர ரொட்டியைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். அதனால் கால்சியம் புரோப்பியனேட் சேர்க்கிறார்கள். பொட்டலத்தில் 282 என்ற எண் அதுதான். அனுமதிக்கப்பட்ட அளவில் அது விஷமல்ல. பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. புரோப்பியானிக் அமிலம் இயற்கையிலும் உண்டாகிற ஒன்று. புளிமாவிலேயே அதை உண்டாக்கலாம் என்று 2010-ல் ஆல்பர்ட்டா குழு செய்தும் காட்டியது. ஒரு பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைத் தின்று புரோப்பேன்டையாலாக மாற்ற, இன்னொன்று அதை வாங்கிப் புரோப்பியானிக் அமிலமாக மாற்றியது. தொழிற்சாலையிலிருந்து வாங்கிச் சேர்க்கும் அதே பொருள், மாவுக்குள் தானே பிறந்தது.

என் குறை வேறு. வேகமான ரொட்டியையும் புளிமாவு ரொட்டியையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். ஈஸ்ட் போட்டு உப்பவைத்த சாதா ரொட்டியில் கொஞ்சம் வினிகரோ, உலர்ந்த புளிமாவுப் பொடியோ தூவிவிட்டு ‘சவர்டோ’ என்று எழுதி மூன்று மடங்கு விலை வைக்கும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. சென்னை, பெங்களூரு, கொச்சி சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் அது வந்துவிட்டது.

ஃபிரான்ஸ் இதற்கு 1993-லேயே சட்டம் போட்டது. புளிமாவு ரொட்டி என்று விற்க வேண்டுமானால் அதன் பி.எச். 4.3-ஐத் தாண்டக் கூடாது. ரொட்டியின் உள்பகுதியில் அசிட்டிக் அமிலம் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 900 மில்லிகிராம் இருக்க வேண்டும். அதுவும் வெளியிலிருந்து ஊற்றியதாக இல்லாமல் மாவிலேயே உண்டானதாக இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் சுவையை மட்டும் காப்பாற்றவில்லை. இந்தக் கட்டுரை முழுக்கப் பேசிய அந்தக் காவலையும் சேர்த்தே எழுத்தில் வைத்தார்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பார்த்து எழுத வேண்டிய முன்மாதிரி இது.

மருந்து அல்ல

ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். ‘இயற்கை ஆன்டிபயாடிக் நிறைந்த ரொட்டி’, ‘குடல் கிருமியைக் கொல்லும் ரொட்டி’ என்றெல்லாம் விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள். சுட்ட ரொட்டியில் உயிருள்ள லாக்டிக் பாக்டீரியா இல்லை. அதில் மிஞ்சியிருக்கும் அமிலங்களும் சிறு மூலக்கூறுகளும் ரொட்டியைக் காக்கும் அளவுக்கு மட்டுமே இருப்பவை. காய்ச்சலையோ தொற்றையோ குணமாக்கும் அளவு அவற்றில் கிடையாது. காயத்துக்குப் பூசணம் பிடித்த ரொட்டியை வைத்துக் கட்டிய பழங்கால வைத்தியத்தோடு இதைச் சேர்த்துப் பேசுவதும் தவறு. அது பூஞ்சையின் கதை. இது பூஞ்சையை விரட்டும் பாக்டீரியாவின் கதை.

வீட்டில் தாய்மாவு வளர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இந்தப் பாக்டீரியாக்கள் வலுவானவை, சர்வவல்லமை படைத்தவை அல்ல. ஜாடியின் மேல் பழுப்பாகத் தேங்கும் தெளிந்த நீர் கவலைக்குரியதல்ல, பசிக்கிறது என்று அர்த்தம். ஆனால் இளஞ்சிவப்பு, ஆரஞ்சுக் கோடுகளோ, பஞ்சு போன்ற பச்சை, கறுப்புப் படலமோ தெரிந்தால், மேலாக வழித்துப் போட்டுவிட்டு மீதியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். மொத்தத்தையும் கொட்டிவிட்டு ஜாடியைக் கொதிநீரில் கழுவுங்கள்.

கடையில் சவர்டோ வாங்குபவர்கள் அடுத்த முறை பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். மாவு, தண்ணீர், உப்பு, புளிமாவு என்று இருந்தால் நல்லது. ஈஸ்ட், வினிகர், 282 மூன்றும் வரிசையாக இருந்தால், முன்பக்கத்தில் எழுதியிருப்பதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. பொட்டலம் இல்லாமல் விற்கும் அடுமனையாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மாவு எத்தனை மணி நேரம் புளிச்சுது?” உண்மையாகப் புளிமாவில் சுடுபவர் அதற்கு உடனே பதில் சொல்வார்.